1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை பிற்பகல்: வடசென்னையில் எங்கே இருந்தீர்கள்?

கல்மண்டபத்தான்:

கிரகணத்தன்று உலக்கை நிற்குமா, நிற்காதா என்ற கேள்வியால் போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. பிள்ளை வீட்டுப் பெரியவர் "நின்றது, என் கண்ணால் பார்த்தேன்" என்றார். என் மச்சான் "நிற்கவே நிற்காது" என்றார். தட்டில் இருந்த ஜாதகம் ஓரமாக ஒதுங்கியது, காபி ஆறியது. நானும் பார்த்தவன்தான். பெண் வீட்டுக்காரன் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை இங்கே திறக்கிறேன்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. ராயபுரம் கல்மண்டபம் அருகே ஒரே வாசலுக்குள் ஏழு குடித்தனம். நடுவில் முற்றம், மூலையில் கிணறு, கிணற்றடியில் எல்லோருக்கும் பொதுவான உரல், உலக்கை. காலை பத்து மணிக்குள் ஏழு அடுப்பும் அணைந்துவிட்டன. மீந்த சோற்றை நாய்க்கு வைத்தார்கள். மாவுப் பாத்திரத்திலும் ஊறுகாய் ஜாடியிலும் தண்ணீர்த் தவலையிலும் தர்ப்பைப் புல்லைக் கிள்ளிப் போட்டார்கள். வீட்டுக்காரப் பாட்டி எங்களை எண்ணி எண்ணி உள்ளே தள்ளினாள். ஏழு குடித்தனத்துப் பிள்ளைகள், எண்ணிக்கை ஒரு தடவையும் சரியாக வரவில்லை.

ஜன்னல் கதவின் இடுக்கு வழியாகத் தெருவைப் பார்த்தேன். அந்தத் தெரு அப்படி இருந்து அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மீன் கூடைக்காரி இல்லை, சைக்கிள் மணி இல்லை, குழாயடியில் குடம் கூட இல்லை. எதிர்ச் சுவரில் குடியரசு தினத்தன்று வெளியான 'பில்லா' சுவரொட்டி. அதை ஓர் ஆடு பசையோடு சேர்த்து நிதானமாகக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. விரட்ட ஆள் இல்லை என்று அதற்கும் தெரிந்திருந்தது.

இரண்டரை மணி வாக்கில் பாட்டி முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் பித்தளைத் தாம்பாளத்தை வைத்தாள். மஞ்சள் நீர் ஊற்றினாள். உலக்கையை நடுவில் வைத்து இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கி, ஒவ்வொரு விரலாக எடுத்தாள். கடைசி விரலும் விலகியது. உலக்கை நின்றது. பூண் போட்ட பக்கம் கீழே, மேலே ஒரு பிடிமானமும் இல்லை. வெளிச்சம் மங்கி, சாம்பல் பூசியது போல் ஆன பிறகும் நின்றது. ஐந்து மணிக்குக் கிட்டத்தட்ட, "விட்டுவிட்டது" என்று யாரோ கத்திய கொஞ்ச நேரத்தில் தானாகச் சாய்ந்தது.

பார்த்தவர்கள் சொல்லுங்கள். பார்க்காதவர்களும் அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று சொல்லலாம்.

தங்கசாலைக்காரன்:

தெரு காலியாக இருந்தது உண்மை. தங்கசாலைத் தெருவில் சனிக்கிழமை பிற்பகல் நடுரோட்டில் படுத்துத் தூங்கியிருக்கலாம் என்றால் இன்றைய ஆட்கள் நம்ப மாட்டார்கள். அன்றைக்கு இருந்த பயத்துக்குக் காரணமும் உண்டு. முழுச் சூரிய கிரகணம் இந்தியா மீது வந்து 82 ஆண்டுகள் ஆகியிருந்தன. முன்னது 1898 ஜனவரியில். யாருடைய வீட்டிலும் அதைப் பார்த்த அனுபவசாலி இல்லை. அதனால் ஆளுக்கொரு சட்டம் போட்டார்கள்.

நமக்கு முழுக் கிரகணம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். முழு நிழல் கர்நாடகக் கரையில் ஏறி, ராய்ச்சூர் வழியாக ஆந்திரத்தைக் கடந்து, ஒரிசாவில் கொனாரக் பக்கம் கடலில் இறங்கியது. சென்னையில் சூரியனின் பெரும்பகுதி மறைந்து, ஒரு பிறை மிஞ்சியது.

எங்கள் அப்பா கந்தகோட்டம் பக்கம் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தார். மாசி அமாவாசை, அவிட்ட நட்சத்திரத்தில் பிடித்த கேது கிரகணம். அவிட்டக்காரர்களும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள நட்சத்திரக்காரர்களும் சுலோகம் எழுதிய ஓலையை நெற்றியில் பட்டமாகக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று பேச்சு. வெள்ளிக்கிழமை மாலைக்குள் பனையோலை தீர்ந்தது. இரவு முழுவதும் அண்ணன் அட்டையை ஓலை அளவுக்கு நறுக்கினான், நான் எழுதினேன். நான்காம் வகுப்புக் கையெழுத்தில் எழுதிய சுலோகம் எத்தனை பேரைக் காத்ததோ! தர்ப்பையும் தீர்ந்து, கடைசியில் போனது வேறு ஏதோ புல். அப்பா காலமாகிவிட்டார். ஆகையால் சொல்கிறேன்.

இளந்தொண்டையான்:

எனக்கும் நன்றாக நினைவிருக்கிறது! தொண்டையார்பேட்டையில் இருந்தோம். காலையில் எழுந்தால் தெரு முழுக்கப் பட்டாசுக் காகிதம், பாதி இருட்டு. அம்மா பல் தேய்க்கக் கூட வெளியே விடவில்லை. முதல் நாள் வெளியான படத்துக்கு டிக்கெட் கிடைக்காத வருத்தம் வேறு.

கல்மண்டபத்தான்:

தம்பி, நீங்கள் சொல்வது 1995 அக்டோபர் 24. தீபாவளிக்கு மறுநாள், காலை நேரக் கிரகணம். நான் கேட்பது அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய பிற்பகல். இரண்டும் பலருக்கு ஒன்றாகக் கலந்துவிட்டது. பட்டாசுக் காகிதம் நினைவில் இருந்தால் 95, குழாயடியில் சண்டை நினைவில் இருந்தால் 80 என்று வைத்துக்கொள்ளலாம்.

இளந்தொண்டையான்:

அடடா. இத்தனை வருடம் 1980 கிரகணத்தைப் பார்த்தவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். 1980இல் நான் பிறக்கவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

மூன்றாவது ஸ்லிப்:

எனக்கு அந்த நாளை நினைவில் வைத்திருப்பது சூரியன் அல்ல, டிரான்ஸிஸ்டர்.

வெள்ளிக்கிழமை பம்பாயில் இந்தியா - இங்கிலாந்து டெஸ்ட் தொடங்கியது. கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழாவுக்காக ஏற்பாடான ஒரே ஓர் ஆட்டம். முதல் நாளே நாம் 242க்குச் சுருண்டோம், போத்தம் ஆறு விக்கெட். ஒரு மாதத்துக்கு முன்புதான் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கவாஸ்கர் 166 அடித்து, கபில் 11 விக்கெட் எடுத்து, பத்து விக்கெட் வித்தியாசத்தில் வென்றிருந்தோம். அந்தத் தலைக்கனம் இறங்காமல் சனிக்கிழமை காலை டிரான்ஸிஸ்டரைத் திருகினால் வர்ணனை இல்லை! பாட்டரி போய்விட்டது என்று நினைத்து, ஒவ்வொரு கட்டையாக எடுத்து வெயிலில் காய வைத்தேன். கிரகணத்துக்கு முந்தைய வெயில், அதற்காவது பயன்படட்டும் என்று.

பிறகுதான் தெரிந்தது, கிரகணத்துக்காக அன்றைக்கு ஆட்டத்துக்கு ஓய்வு நாள் விட்டிருக்கிறார்கள். வழக்கமாக நடுவில் வரும் ஓய்வு நாளை முதல் நாள் முடிந்ததுமே வைத்துவிட்டார்கள். பல்லாயிரம் பேர் வானத்தை அண்ணாந்து பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதே.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை விரிவாகச் சொன்னால் நெறியாளர் கோபித்துக்கொள்வார். சுருக்கமாக: நடுவர் அவுட் கொடுத்த பாப் டெய்லரை நம் தலைவர் விஸ்வநாத் திரும்ப அழைத்தார். போத்தமும் டெய்லரும் சேர்ந்து ஆட்டத்தையே பிடுங்கிக்கொண்டார்கள். போத்தம் 114 ஓட்டம், இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 13 விக்கெட். டெய்லர் விக்கெட்டின் பின்னால் பத்துக் காட்ச். பத்து விக்கெட்டில் தோற்றோம். எங்கள் தெருவில் எல்லோரும் கிரகண தோஷம் என்றார்கள். இந்தியாவுக்கு மட்டும் எப்படித் தோஷம், இங்கிலாந்துக்காரனும் அதே வானத்தின் கீழ்தானே இருந்தான் என்று நான் கேட்டேன். அவனுக்கு நட்சத்திரம் கிடையாது என்று பதில் வந்தது.

இரண்டாம் ஷிப்ட்:

எல்லோரும் தெரு காலி, தெரு காலி என்று எழுதுகிறீர்கள். பெரம்பூர் பக்கம் வந்து பார்த்திருக்க வேண்டும்.

நான் அப்போது ஒரு மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தேன். மில்லின் பெயர் வேண்டாம். பிற்பகல் ஷிப்டுக்குச் சங்கு ஊதியது, போனோம். கிரகணம் என்று வராதவனுக்குச் சம்பளம் இல்லை, அவ்வளவுதான் விஷயம். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வோம். அத்தனை சத்தம். கூரை ரம்பப் பல் மாதிரி வரிசையாக இருக்கும், கண்ணாடி எல்லாம் வடக்கு நோக்கி. வெயில் நேராக உள்ளே விழாது, வானத்து வெளிச்சம் மட்டும் விழும். அதனால் சூரியன் எங்களுக்குத் தெரியவே இல்லை. மூன்றரை மணிக்கு நூல் தெரியவில்லை. இழை அறுந்தால் கண் கண்டுபிடிக்கவில்லை, கைதான் தடவித் தடவிக் கண்டுபிடித்தது. விளக்கைப் போட்டார்கள். சிறிது நேரத்தில் அணைத்தார்கள். நாங்கள் பார்த்த கிரகணம் அதுதான்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு கூத்து. பாதிப் பேர் தூக்குப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. என் பக்கத்துத் தறிக்காரர் திறந்தார். உள்ளே கருவாட்டுக் குழம்பு, மேலே ஒரு தர்ப்பைத் துண்டு. அவருடைய சம்சாரத்துக்குப் பக்தியும் இருந்தது, கணவன் பசி தாங்க மாட்டான் என்ற கணக்கும் இருந்தது.

தங்கசாலைக்காரன்:

கருவாட்டின் மேல் தர்ப்பை! எங்கள் கடைச் சரக்காகத்தான் இருக்கும்.

கறுப்புச்சட்டை மகன்:

இரண்டாம் ஷிப்ட் ஐயா சொன்னது போல் இன்னொரு பக்கமும் இருக்கிறது. என் அப்பா பெரியார் தொண்டர். அன்றைக்குத் தெருமுனையில் மேசை போட்டு நான்கைந்து பேர் சரியாகக் கிரகண நேரத்தில் பரோட்டா சாப்பிட்டார்கள். என்னையும் உட்கார வைத்தார்கள், ஒன்பது வயது. ஜன்னல் ஒவ்வொன்றிலும் கண்கள். அத்தனை பேர் பார்க்கச் சாப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அம்மா வரவில்லை. வீட்டுக்குள் பட்டினியாக இருந்தாள். மாலையில் அப்பாவுக்கு வயிறு கொஞ்சம் கலங்கியது. பரோட்டா காலையிலேயே போட்டது, அவ்வளவுதான். ஆனால் இருவரில் ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா சத்தமில்லாமல் ஓமத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அப்பா சத்தமில்லாமல் குடித்தார்.

மண்ணடி வாசகர்:

எங்கள் பக்கம் பட்டினி கிடையாது. பள்ளிவாசலில் கிரகணத் தொழுகை நடந்தது. வழக்கத்தை விட நீண்ட தொழுகை. நான் சிறுவன், கால் கடுத்தது, அத்தா தோளில் கை வைத்து நிறுத்தினார். சூரியனும் சந்திரனும் யாருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் மறைவதில்லை என்று அன்றைக்குச் சொல்லிக் கொடுத்தார். திரும்பி வரும்போது திறந்திருந்தது ஒரே ஒரு தேநீர்க் கடை. அங்கே யாரெல்லாம் நின்று குடித்தார்கள் என்று எழுதினால் இன்றைக்கும் சில வீடுகளில் சண்டை வரும்.

வலது கண்:

நான் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வானத்தை அண்ணாந்து பார்ப்பது பற்றி மேலே ஒருவர் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். அதனால் எழுதுகிறேன்.

பன்னிரண்டு வயது எனக்கு. ஒரு போட்டோ ஸ்டூடியோ வாசலில் பொறுக்கிய ஃபிலிம் துண்டு, அதன் மேல் சித்தப்பாவின் மார்பு எக்ஸ்ரே. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் சூரியன் கூசவில்லை. கூசாததால் ஆபத்து இல்லை என்று நினைத்தேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆரஞ்சு நிறத்தில் பிறை. சித்தப்பாவின் விலா எலும்பு ஒன்று குறுக்கே போனது. அழகாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

வலி துளியும் இல்லை. விழித்திரைக்கு வலி தெரியாது என்று பிறகு டாக்டர் சொன்னார். கண்ணுக்குத் தெரியும் ஒளியை அந்த ஃபிலிம் குறைத்தது, தெரியாத வெப்பக் கதிரை விட்டுவிட்டது. மங்கலாகத் தெரிந்ததால் கண்ணின் பாப்பாவும் நன்றாக விரிந்து, வந்ததையெல்லாம் உள்ளே வாங்கிக்கொண்டது.

திங்கட்கிழமை வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தேன். இடது கண்ணை மூடினால் எந்த எழுத்தைப் பார்க்கிறேனோ அந்த எழுத்து மட்டும் இல்லை. சுற்றிலும் உள்ளவை இருக்கின்றன. இன்றைக்கும் அப்படித்தான். வலது கண்ணால் மட்டும் ஒரு முகத்தைப் பார்த்தால் காது, தலைமுடி, காலர் எல்லாம் தெரியும், மூக்கு இருக்கும் இடத்தில் ஒரு பழுப்புக் கறை.

எல்லோரும் அந்தக் காலத்து மூடநம்பிக்கை என்று சிரிக்கிறோம். என் ஆயா சொன்னபடி உள்ளே இருந்திருந்தால் எனக்கு இது வந்திருக்காது. அவள் சொன்ன காரணம் தவறு. சொன்ன வேலை சரி.

இளந்தொண்டையான்:

படித்துவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை அண்ணே.

வியாசைப் பெண்:

எனக்கு எட்டு வயது. வியாசர்பாடியில் கூரை வீடு. அம்மாவுக்கு நிறைமாதம். கர்ப்பிணி மேல் கிரகண நிழல் படக் கூடாது, நறுக்கக் கூடாது, கிள்ளக் கூடாது, சொறிந்துகொள்ளக் கூட கூடாது என்று பாட்டி சட்டம் போட்டாள். அம்மாவை உள்ளே படுக்க வைத்து, கதவைச் சாத்தி, கதவு இடுக்கில் கோணிப்பை அடைத்து, வெளித் திண்ணையில் தானே காவல் உட்கார்ந்தாள். என்னை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இந்த இழையைப் பார்த்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன். "என்ன நடக்கும், தூங்கினேன்" என்றாள். அம்மா பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. மறுபடி கேட்கிறேன்.

குழாயடி சண்டை பற்றி யாராவது எழுதுங்கள். பிடித்து வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் தலைக்குக் குளிக்கக் கிளம்பினார்கள். எங்கள் தெரு அடி பம்பின் கைப்பிடி அன்றைக்குத்தான் உடைந்தது.

ஓய்வுபெற்ற இயற்பியல்:

முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்ற உரிமையில் உலக்கைக்கு வருகிறேன்.

உலக்கை எந்த நாளிலும் நிற்கும். புது உலக்கை நிற்காது. இடித்து இடித்துப் பூண் தேய்ந்து அடி தட்டையான பழைய உலக்கைதான் நிற்கும். ஏழு குடித்தனம் இடித்த உலக்கை என்றால் கேட்கவே வேண்டாம். நாலரை அடி உயரம், இரண்டரை அங்குல அடிப்பாகம் என்று வைத்துக்கொண்டால், இரண்டரைப் பாகைக்குச் சற்று மேல் சாய்ந்தாலே விழுந்துவிடும். ஆகவே சமமான தரை வேண்டும், காற்று அடிக்கக் கூடாது, நிறுத்துபவருக்குப் பொறுமை வேண்டும். பாட்டிக்குப் பொறுமை இருந்தது. சாதாரண நாளில் உலக்கையை நிறுத்திப் பார்க்க யாருக்கு நேரம்?

சூரியனும் சந்திரனும் ஒரே நேர்க்கோட்டில் நின்று இழுப்பதால் நிற்கிறது என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். அமாவாசைதோறும் ஏறத்தாழ அதே பக்கம்தான் இழுக்கின்றன. மாதாமாதம் நிற்க வேண்டுமே.

கல்மண்டபத்தான்:

ஐயா, நின்றதற்குக் காரணம் சொன்னீர்கள். கிரகணம் விட்டதும் ஏன் விழுந்தது? அதைச் சொல்லவில்லை. அதே பாட்டி, அதே தாம்பாளம். வேறு நாட்களில் நாங்கள் பிள்ளைகள் அதே உலக்கையை நிறுத்திப் பார்த்தோம். ஒரு நிமிடம் தாங்கவில்லை.

ஓய்வுபெற்ற இயற்பியல்:

தற்செயல்.

புக்கிங் ஆபீஸ்:

தற்செயல் இல்லை ஐயா. அனுமதித்தால் நான் சொல்கிறேன்.

ராயபுரத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் எழுத்தராக இருந்தேன். துறைமுகத்துக்குப் போகும் லாரி, வரும் லாரி எல்லாம் டி.எச். ரோட்டில், அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், இரவு பகல் ஓயாது. அந்தச் சாலையை ஒட்டிய வீடுகளில் அலமாரித் தம்ளர்கள் நாள் முழுக்க ஒன்றோடு ஒன்று உரசி நடுங்கிக்கொண்டே இருக்கும். பழகிப்போனால் காதில் விழாது. விருந்தாளி வந்து கேட்டால்தான் தெரியும்.

அன்றைக்கு ஓட்டுநர்கள் யாரும் வண்டி எடுக்கவில்லை. கிரகணம் பிடித்த நேரத்தில் சாவி போட மாட்டோம் என்று வண்டிகளை ஓரம் கட்டிவிட்டார்கள். அது வீண் பயம் என்று சொன்ன ஒருவர் கூட, மற்றவர்கள் எடுக்கட்டும், பிறகு எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு லுங்கியை விரித்துப் படுத்தார். எங்கள் மேசை மேல் ஒரு தண்ணீர்ச் செம்பு உண்டு. அதன் மேற்பரப்பில் எப்போதும் சின்னச் சின்ன வளையம் நெளியும். அன்று பிற்பகல் இரண்டரை மணி நேரம் கண்ணாடி மாதிரி இருந்தது. நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை.

ஐந்து மணிக்கு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்கிவிட்டு ஒரே சமயத்தில் எல்லா வண்டியும் கிளம்பின. உங்கள் உலக்கை விழுந்தது எத்தனை மணிக்கு என்றீர்கள்?

கல்மண்டபத்தான்:

எங்கள் வாசலிலிருந்து டி.எச். ரோடு கூப்பிடு தூரம்.

ஓய்வுபெற்ற இயற்பியல்:

பத்து நிமிடமாக யோசிக்கிறேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை. என் வகுப்பில் இருந்திருந்தால் உங்களுக்கு முழு மதிப்பெண்.

கறுப்புச்சட்டை மகன்:

அப்படியானால் கிரகணத்தால்தான் உலக்கை நின்றது என்று பாட்டி சொன்னது சரியாகிவிடுகிறதே! அப்பா இருந்திருந்தால் இந்த இழையை விட்டே வெளியேறியிருப்பார்.

மூன்றாவது ஸ்லிப்:

பெரம்பூர் மில்லை ஒட்டிய வீடுகளில் யாராவது உலக்கை நிறுத்தியிருக்கிறார்களா என்று கேட்டால் விஷயம் உறுதியாகிவிடும். தறி நிற்கவில்லை அல்லவா?

இரண்டாம் ஷிப்ட்:

என் அண்ணி நிறுத்திப் பார்த்தாள். நிற்கவில்லை. வீட்டில் யாரோ தீட்டு என்று சொல்லி மூன்று மருமகள்களும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டார்கள். நாற்பது வருடம் கழித்து இப்போது போய்த் தறிதான் காரணம் என்று சொன்னால் ஏற்பார்களா தெரியாது. சொல்கிறேன்.

தங்கசாலைக்காரன்:

தோஷத்தைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. மறுநாள், அதாவது பிப்ரவரி 17, எம்.ஜி.ஆர். ஆட்சியை மத்திய அரசு கலைத்தது. தமிழ்நாட்டோடு சேர்த்து ஒன்பது மாநிலம். ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்கு இரண்டே இடம் கிடைத்ததிலிருந்தே அந்தப் பேச்சு இருந்தது. ஆனால் எங்கள் தெருவில் பழி முழுவதும் கேதுவின் மேல் விழுந்தது. ஜூனில் அவர் திரும்பி வந்ததற்கு எந்தக் கிரகம் என்று அப்பாவிடம் கேட்டேன். "கடையைப் பார்" என்றார்.

நெறியாளர்:

அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது. இதற்கு மேல் வரும் ஆட்சிக் கலைப்புப் பதிவுகள் அங்கே மாற்றப்படும். கேது இங்கேயே இருக்கலாம்.

வியாசைப் பெண்:

அம்மா வாயைத் திறந்துவிட்டாள். மூன்றாவது போனில்.

தூங்கவில்லையாம். உள்ளே ஒரே புழுக்கம். கூரை பழைய கீற்று, இரண்டு வருடமாக மாற்றவில்லை. மேற்குப் பக்கச் சரிவில் அங்கங்கே பொத்தல். அதன் வழியாக எப்போதும் வட்ட வட்டமாக வெயில் காசு விழும். அம்மா பாயில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு வட்டத்தை யாரோ கடித்தது போல் ஓரம் குறைந்தது. பக்கத்து வட்டத்திலும் அதே பக்கம் குறைந்தது. எல்லா வட்டத்திலும். சிறிது நேரத்தில் சுவரிலும் பாயிலும் அடுப்பு மேடையிலும் அத்தனையும் பிறை. ஒன்று அவள் வயிற்றின் மேல், புடவையில். நகர்ந்து நகர்ந்து முந்தானைக்குப் போனதாம்.

நிழல் படக் கூடாது என்று கதவை அடைத்தார்கள் அல்லவா, உள்ளே இருட்டாக இருந்ததால்தான் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது என்கிறாள். முதலில் பயந்து வயிற்றைக் கையால் மூடினாள். பிறை கையின் மேல் விழுந்தது. சூடு கூட இல்லை. பிறகு பயப்படவில்லையாம். பாட்டியிடம் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் பரிகாரம் என்று தாலியை அடகு வைக்கச் செய்திருப்பாள்.

ஓய்வுபெற்ற இயற்பியல்:

அம்மா, உங்கள் தாயார் அன்றைக்கு வடசென்னையிலேயே மிகச் சிறந்த முறையில் கிரகணம் பார்த்தவர். எழுந்து நின்று கும்பிடுகிறேன்.

பொத்தல் எந்த வடிவத்தில் இருந்தாலும் சரி, சின்னதாக இருந்தால் போதும், அதன் வழியாக விழுவது சூரியனின் படம். அதனால்தான் எல்லா நாளும் வட்டமாக விழுகிறது. கிரகணத்தன்று பிறையாக விழுகிறது, தலைகீழாக. பொத்தலுக்கும் சுவருக்கும் பத்தடி தூரம் இருந்தால் படம் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகம் இருக்கும். மரத்தடியிலும் இலை இடுக்கு வழியாக இப்படி விழும். அன்று அரச மரத்தடியில் யாராவது குனிந்து தரையைப் பார்த்திருந்தால் ஆயிரம் பிறை பார்த்திருக்கலாம். எல்லோரும் மேலே பார்த்தார்கள், அல்லது பார்க்கவே இல்லை. கண்ணுக்கும் கெடுதல் கிடையாது.

வலது கண் நண்பரே, உங்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதினேன்.

வலது கண்:

எங்கள் வீட்டின் கீழே ஒரு கொட்டகை இருந்தது ஐயா. கீற்றுக் கொட்டகை. பொத்தலும் இருந்தது.

இளந்தொண்டையான்:

அக்கா, எத்தனை பிறை என்று எண்ணினார்களா? குழந்தை நன்றாகப் பிறந்ததா?

வியாசைப் பெண்:

தம்பி பன்னிரண்டு நாள் கழித்துப் பிறந்தான். நன்றாக இருக்கிறான், மாதவரத்தில் வீடு கட்டியிருக்கிறான், கான்கிரீட் தளம்.

எண்ணினாளாம். பதினேழு. அடுப்பு மேடை பக்கம் நான்கு, பாய்க்கு மேல் ஆறு, மீதி சுவரோரம். எதற்கு எண்ணினாய் என்று கேட்டேன். அதற்குத்தான் கதையே இருக்கிறது.

சித்திரையில் அப்பா கீற்று வாங்கக் காசு போதாது, முழுவதும் மாற்ற முடியாது, ஒட்டுப் போடலாம் என்றாராம். ஏணி போட்டு ஏறி, எங்கே ஒழுகும் என்று தேடிக்கொண்டிருந்தார். அம்மா கீழே இருந்து, தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, "அடுப்புக்கு மேலே நாலு, அதில் ஒன்று பெரிது, இன்னும் வலது பக்கம், இன்னும் கொஞ்சம்" என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறாள். பதினேழும் சரியாக இருந்தது. அப்பா மேலே இருந்து குனிந்து பார்த்து, "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். "மழையில் ஒழுகிய இடம்" என்றாள் அம்மா.

"தையிலிருந்து எங்கே மழை?" என்றாராம் அப்பா. அம்மா பதில் சொல்லவில்லை. அவரும் அடுத்த கீற்றை எடுத்துக் கொடு என்று கையை நீட்டினார்.